மூன்றாவது கம்பி

பெங்களூர், அல்சூர்
16-9-1956

அக்காவுக்குத் தம்பி முனிவேல் வணக்கம் வைத்து எழுதுகிறேன். ஓசூரில் பஸ் மாறி, விளக்கு வைப்பதற்குள் ரூமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நீ கட்டிக் கொடுத்த ராகி அடை ஓசூர் தாண்டும் முன்பே தீர்ந்தது. நீயும் கங்கப்பன் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். சினைமாடு ஈன்றதும் எழுது.

நான்கு நாளாக மாமாவுக்கு நான் வாயால் சொன்னதெல்லாம் இந்நேரம் பாதி மறந்திருக்கும். அவருக்குப் படிக்க வராது. இந்தக் கடிதத்தை அவரை உட்கார வைத்து நீ படித்துக் காட்டு.

நம் மாரன்கொட்டாய்க்குக் கம்பத்திலிருந்து வந்திருப்பது இரண்டு கம்பிதான். மாமா ஆசைப்பட்டு வாங்கிய ராகி மிஷின் மோட்டாரோ மூன்று கம்பியில் ஓடுவது. இரண்டு கம்பியை மட்டும் கொடுத்தால் உறுமும், சுற்றாது. உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே கருகிவிடும். அதனால்தான் பெல்ட் இல்லாத சின்ன மோட்டார் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். அதன் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்து மெயினைப் போட்டால், இரண்டு கம்பியிலேயே ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு வேலை ஒன்றும் கிடையாது. சும்மா சுற்றிக்கொண்டே, பெரிய மோட்டாருக்குக் குறைகிற மூன்றாவது கம்பியை அது உண்டாக்கிக் கொடுக்கும். பிறகு கத்தி சுவிட்சை மேலே தள்ளினால் கல்லைச் சுற்றும் பெரிய மோட்டார், அதுதான் கல் மோட்டார், தானாகக் கிளம்பும்.

"ஒரு வேலையும் செய்யாம உக்காந்து தின்னுது. ஆனா இது எழுந்திரிச்சாத்தான் வீட்ல மத்ததெல்லாம் நடக்குது. இது மோட்டார் இல்லடா, மாப்பிள்ளை" என்று மாமா வைத்த பேர் எங்கள் மோட்டார் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது. எல்லப்பன் மேஸ்திரி கேட்டுவிட்டு வெற்றிலை புரையேறி இருமினார்.

ஒன்றை மறக்க வேண்டாம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகத் திசை கிடையாது. எந்தப் பக்கம் இழுத்துவிடுகிறோமோ அந்தப் பக்கம் ஓடும், கல்லும் அதன்படிதான் சுற்றும். மாமா இடக்கைக்காரர் என்பதால் அவர் இழுப்புக்கு ஏற்றபடி மாட்டியிருக்கிறேன். வலக்கைக்காரர் இழுத்தால் கல் பின்னோக்கிப் போகும்.

மஞ்சள் துணி கட்டியிருப்பதுதான் மூன்றாவது கம்பி. சுவிட்சில் ஒரு கத்தி ஒரு கம்பியைத்தான் அறுக்கும்; கடையில் இரண்டு கத்தி வைத்த சுவிட்சுதான் கிடைத்தது. அதனால் கம்பத்துக் கம்பி இரண்டும் சுவிட்ச் வழியாகப் போகின்றன, மஞ்சள் துணிக் கம்பி மட்டும் மாப்பிள்ளையிடமிருந்து நேராகப் போகிறது. அதில் ஒரு பிசகும் இல்லை.

மாமாவின் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டு வந்த
முனிவேல்


மாரன்கொட்டாய், ராயக்கோட்டை வழி
12-10-1956

தம்பி முனிவேலுக்கு அக்காள் சென்னம்மாளின் ஆசி. மாடு கிடாரிக் கன்று போட்டது. உன் இருமல் விட்டதா, இல்லை ஓட்டல் சாம்பாரை ஊற்றி வளர்க்கிறாயா?

நாளைக்கு ஆயுத பூஜை. மிஷினுக்குச் சந்தனம் வைக்கும்போது மாப்பிள்ளைக்குத்தான் முதல் பொட்டு என்று உன் மாமா சொல்லிவிட்டார். கல்லுக்கு அப்புறம்தானாம். காலையில் எழுந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கயிற்றைத் தேடிக்கொண்டு மிஷின் கொட்டாய்க்குப் போகிறார். போகட்டும், மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார். இந்த வயசில் அவர் விசிலடிப்பதை நான் இப்போதுதான் கேட்கிறேன்.

போன வாரம் அவர் சந்தைக்குப் போன நேரத்தில் அவருடைய அண்ணன் மாதப்பன் வந்தார். "தம்பி இழுக்கிற கயிறு எனக்கு இழுக்க வராதா" என்று வலக்கையால் ஒரே இழுப்பு. கல் பின்பக்கமாகச் சுற்றி, போட்ட ராகியெல்லாம் வாய் வழியாகவே திரும்பித் துள்ளியது. அரைக்க வந்த சரசம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். "தின்னத கக்குதுடி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அன்றிலிருந்து உன் மாமாவைத் தவிர யாரும் கயிற்றைத் தொடுவதில்லை.

அவர் உன்னை ஒன்று கேட்கச் சொன்னார். மஞ்சள் துணிக் கம்பியில் நடுவே ஒரு முடிச்சு இருக்கிறதே, கல் ஓடும்போது அங்கே பொறி பறக்கிறது, துணி ஓரம் கருகுகிறது. கத்தி சுவிட்சை இறக்கினால் பொறி நின்றுவிடுகிறது. அந்த முடிச்சை நாமே முறுக்கிக்கொள்ளலாமா, இல்லை நீ வரவேண்டுமா? உன் பதில் வரும்வரை தொடமாட்டேன் என்கிறார். உன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் எட்டு வருஷமாகச் சொல்லும் எதற்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

அக்காள்
சென்னம்மாள்


பெங்களூர்
4-11-1956

அக்காவுக்கு முனிவேல் எழுதுவது. தீபாவளிக்கு வரமுடியவில்லை, பட்டறையில் ஓவர்டைம். இருமல் போய்விட்டது. கன்று பால் நன்றாகக் குடிக்கிறதா?

முடிச்சு விஷயம். இதற்கு நான் எதற்கு வரவேண்டும்? மாமாவே தாராளமாக முறுக்கிக்கொள்ளலாம். கத்தி சுவிட்சை இறக்கினால் கம்பத்துக் கம்பி இரண்டும் கல் மோட்டாரை விட்டு அறுந்துபோகின்றன. மூன்றாவது கம்பிக்குக் கம்பத்தோடு சம்பந்தமே கிடையாது, போக்கிடமும் கிடையாது. அந்த நேரத்தில் அது செத்த கம்பி. மாப்பிள்ளையை நிறுத்தக்கூட வேண்டாம், நிறுத்தினால் அவரை மறுபடி எழுப்பக் கயிறு இழுக்க வேண்டும். வெறுங்கையால் இறுக்கி முறுக்கி, துணியை மறுபடி சுற்றிவிட்டால் தீர்ந்தது. மாமாவுக்குப் படித்துக் காட்டு.

முனிவேல்


மாரன்கொட்டாய்
3-12-1956

முனிவேலுக்கு அக்காள் எழுதுவது. நல்லபடி போய்ச் சேர்ந்திருப்பாய். நான் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வலது கை கொஞ்சம் மரத்துப் போயிருக்கிறது.

தந்தி பிந்திக் கிடைத்ததால் நீ வந்தபோது மண் மூடி ஒரு நாள் ஆகியிருந்தது. கருமாதிக்கு மறுபடி வந்து கோடித் துணி போட்டாய். பிறந்த வீட்டுக்காரன் செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை. மிஷின் கொட்டாய்ப் பக்கம் மட்டும் நீ திரும்பவே இல்லை. நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, நவம்பர் பன்னிரண்டு, உச்சிப்பொழுது. எட்டுக் கூடை ராகி வரிசையில் இருந்தது. முடிச்சில் பொறி பறந்தது. அவர் கத்தி சுவிட்சை இறக்கிவிட்டு, "உன் தம்பி எழுதினத இன்னொரு தரம் படி" என்றார். மாப்பிள்ளை ஓடுகிற சத்தத்தில் கத்திப் படித்தேன். "செத்த கம்பின்னு எழுதியிருக்கான் இல்ல, சரி வுடு" என்றார். நான் கூடையை நகர்த்தத் திரும்பினேன்.

கத்தினார், விழுந்தார் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. திரும்பிப் பார்த்தால் மஞ்சள் துணியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்னவென்று கேட்டேன். மாப்பிள்ளை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மாதப்பன் ஓடிவந்து உலக்கையால் மெயினைத் தட்டி இறக்கினார். மாப்பிள்ளையின் ஓட்டம் அடங்கும்போதுதான் உன் மாமாவும் கீழே விழுந்தார்.

வந்த டாக்டர் மாரடைப்பு என்றார். வெளியே தெரிகிற காயம் இல்லை என்றார். மாதப்பனும் அதையே சொல்கிறார். எனக்கு மிஷின் தெரியாது, உனக்குத் தெரியும். அது செத்த கம்பிதானே முனிவேலு? உன் கையால் ஒரு தரம் எழுதிவிடு. அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியது நான். அதனால் கேட்கிறேன்.

சென்னம்மாள்


(எழுதி மடித்து வைத்தது. தபாலில் போடவில்லை.)

பெங்களூர்
9-12-1956

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நேற்றுப் பட்டறையில் எல்லப்பன் மேஸ்திரியிடம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். அவர் இரண்டு மோட்டாரை நம் வீட்டில் இருப்பது மாதிரியே கட்டச் சொன்னார். சின்னதை இழுத்துவிட்டோம். பெரியதன் இரண்டு கம்பியையும் அறுத்துவிட்டோம். மூன்றாவது கம்பி சும்மா தொங்கியது. அவர் ஒரு பல்பை எடுத்து, ஒரு முனையை அந்தக் கம்பியிலும் ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார்.

எரிந்தது அக்கா. நான் செத்த கம்பி என்று எழுதிய கம்பியில் பல்பு பளீரென்று எரிந்தது.

"ஏ முனிவேலு, ஓடற மோட்டாருக்குள்ள செத்த கம்பின்னு ஒண்ணு ஏதுடா? போக்கிடம் இல்லேன்னா சொன்னே? தொடறவன்தான் அதுக்குப் போக்கிடம்" என்றார். அப்புறம், "எந்த ஊர்ல ஆச்சு இது" என்று கேட்டார். மத்தூர்ப் பக்கம் என்று பொய் சொன்னேன்.

மாமாவைக் கொன்றது நான். மூன்றாவது கத்தி இல்லாத சுவிட்சை மாட்டியதும் நான், தொடலாம் என்று எழுதியதும் நான். அந்தக் கம்பியைத் தொடாதே அக்கா. மாப்பிள்ளை ஓடும்போது யாரும் அதன் கிட்டே போகக்கூடாது. அம்மா போனபிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. இதை உன் முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வேன்


பெங்களூர்
16-12-1956

அக்காவுக்கு முனிவேல் வணக்கம். வேலை அதிகம், அதனால் பதில் எழுதத் தாமதம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாடும் கன்றும் எப்படி இருக்கின்றன? இங்கே குளிர் அதிகம்.

டாக்டரே சொன்ன பிறகு மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. மிஷின் கொட்டாயைப் பூட்டி வை. யாரையும் உள்ளே விடாதே, நீயும் போகாதே. மற்றதை நேரில் பேசுவோம்.

முனிவேல்


மாரன்கொட்டாய்
4-1-1957

தம்பிக்கு அக்காளின் ஆசி. மாடும் கன்றும் நன்றாக இருக்கின்றன. கை இன்னும் அப்படியேதான்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பூட்டச் சொன்னாய், பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஆனாலும் இங்கே நடப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். உச்சிப்பொழுது. கொட்டாய்க்குள்ளிருந்து உறுமல் வந்தது. கயிறு இழுக்காமல் கரண்ட் கொடுத்தால் உறுமும், சுற்றாது என்று எழுதினாயே, அந்த உறுமல்தான். யாராவது வந்து ஒரு கை கொடுக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிற சத்தம் அது. மாடு தீனியை விட்டுவிட்டுக் காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் உறுமல் மாறி ஓட்டமாயிற்று. மாதப்பன் வந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். "உள்ள ஆளே இல்ல, மாப்பிள்ளை மட்டும் சுத்துது" என்றார். எந்தப் பக்கமாக என்று கேட்டேன். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் பூட்டைத் திறந்து போய் மெயினை இறக்கினேன். போன வாரம் மறுபடி அதே மாதிரி ஆயிற்று. இப்போது கொட்டாய் வழியாக யாரும் தண்ணீருக்குப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்கள். மாதப்பன் கிடா வெட்டிப் பூசை போட்டுவிட்டு, மிஷினை அவரே நடத்துவதாகச் சொல்கிறார். நான் அவர் வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொள்ளலாமாம். அதற்கு நான் ஒப்பமாட்டேன். இது உன் மாமா ஆசைப்பட்டு வைத்த மிஷின். நான்தான் நடத்தப்போகிறேன். என் சோறு அதில்தான் இருக்கிறது.

திறப்பதற்கு முன் அந்த முடிச்சை முறுக்க வேண்டும். அவர் பிடித்ததில் பாதி அவிழ்ந்து தொங்குகிறது. செத்த கம்பிதானே, நானே முறுக்கிவிடட்டுமா?

சென்னம்மாள்


பெங்களூர்
20-1-1957

அக்காவுக்கு முனிவேல் வணக்கம். பொங்கல் எப்படிப் போயிற்று என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மாடு பால் குறைக்கவில்லையே?

மோட்டார் தானாக ஓடாது. மெயின் போட்டிருந்தால்தான் உறுமும். மெயினைப் போட்டது யார் என்பதை நீ எழுதவே இல்லை. உறுமிக்கொண்டிருக்கிற மோட்டாருக்கு ஒரு சின்ன அசைவு போதும். சக்கரத்தின் மேல் எலி குதித்து ஓடினாலும் கிளம்பிவிடலாம், எலி எந்தப் பக்கம் குதித்ததோ அந்தப் பக்கம் ஓடும். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

மிஷினை நீ நடத்த வேண்டாம். பெண்பிள்ளை ஒருத்தி மோட்டாரோடு மல்லுக்கட்ட முடியாது. விற்றுவிடலாம். முடிச்சை இப்போது முறுக்க வேண்டாம். உகாதிக்கு லீவு கிடைத்தால் வருகிறேன். அதுவரை வேண்டாம்.

முனிவேல்


மாரன்கொட்டாய்
28-1-1957

முனிவேலுக்கு அக்காள். சௌக்கியம் கேட்டதற்குச் சந்தோஷம். மாடு பால் குறைக்கவில்லை. கை மரத்தது மரத்தபடிதான் இருக்கிறது.

எலி என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். இடது பக்கமாகவே குதிக்கிற எலியை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமையும் ஓடிற்று. இப்போது மூன்று தரம் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மஞ்சள் துணி கம்பியிலேயே தொங்குகிறது. மிஷின் ஓடாதபோதே நாளுக்கு நாள் கருத்துக்கொண்டு வருகிறது. முதலில் ஓரம் மட்டும் கருகியிருந்தது, இப்போது நடுவிலும் ஐந்து விரல் பட்ட மாதிரி கறுப்பு. நேற்று தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். வெளியே மாடு கத்தியது, விட்டுவிட்டு வந்தேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். தை மாசக் கடைசி வெள்ளி, பிப்ரவரி எட்டாம் தேதி, காலை ஏழு மணி. மாப்பிள்ளையை எழுப்பி, கத்தி சுவிட்சை இறக்கி, அந்த முடிச்சை முறுக்கப்போகிறேன். நவம்பர் மாசம் நீ எழுதின கடிதம் பத்திரமாக இருக்கிறது. அதில் இருக்கிறபடியே செய்வேன், வெறுங்கையால்.

கூடாது என்றால் ஒரு வரி எழுது. வேண்டாம் வேண்டாம் என்று எழுதாதே, ஏன் வேண்டாம் என்று எழுது. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். பதினோரு நாள் இருக்கிறது, தபாலுக்கு மூன்று நாள் போதும்.

சென்னம்மாள்


தந்தி
பெங்களூர், 8-2-1957, பகல் 11-40

மஞ்சள் துணிக் கம்பியைத் தொடாதே. உயிர் உள்ள கம்பி. கடிதம் வருகிறது. முனிவேல்.


பெங்களூர்
8-2-1957

அக்கா,

இதைப் படிக்க நீ இருக்க வேண்டும். எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியவில்லை, எல்லாச் சாமியையும் கேட்டுவிட்டேன்.

அந்தக் கம்பியால்தான் மாமா செத்தார். மாரடைப்பு இல்லை. மாப்பிள்ளை ஓடுகிறவரை மூன்றாவது கம்பியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கத்தி சுவிட்சை இறக்கினாலும் இருக்கும், அதை அறுக்கத்தான் மூன்றாவது கத்தி வேண்டும். எனக்கு அது தெரியாது. தெரிந்தவன் மாதிரி எழுதிவிட்டேன். டிசம்பரில் மேஸ்திரி பல்பு வைத்துக் காட்டினார். மறுநாளே உனக்கு எழுதினேன், அந்தக் கடிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இதோடு அதையும் வைத்திருக்கிறேன்.

உன் கடைசிக் கடிதம் முப்பத்தோராம் தேதியே வந்துவிட்டது. எட்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். நீ எப்படியும் தொடமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் மேஸ்திரியிடம் ஓடினேன். லீவு சொல்லி, தபாலாபீஸ் திறந்து, என் முறை வர இவ்வளவு நேரமாகிவிட்டது.

உன் கை எப்படி இருக்கிறது அக்கா? நீ மூன்று கடிதத்திலும் எழுதியிருந்தாய். கேட்டால் என்ன சொல்வாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

முனிவேல்


மாரன்கொட்டாய்
14-2-1957

தம்பி முனிவேலுக்கு அக்காள் சென்னம்மாள் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீ கேட்க வேண்டிய முதல் சௌக்கியம் அதுதான், அதனால் முதலில் எழுதிவிட்டேன்.

தந்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. பதினொன்று நாற்பது என்று போட்டிருக்கிறது. நான் சொல்லியிருந்தது ஏழு மணி. அப்படியென்றால் நான் செத்து நாலரை மணி நேரம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் நீ தபாலாபீசில் நின்றிருக்கிறாய். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. இதைவிட உனக்கு எரிந்திருக்கும் என்றும் தெரிகிறது.

நான் முடிச்சைத் தொடவில்லை. தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதியே அது எப்படிப்பட்ட கம்பி என்று எனக்குத் தெரியும். மாதப்பன் உலக்கையோடு வருவதற்குள் நான் உன் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உடம்பு வழியாக அது எனக்குள் வந்தது. கூடை மேல் போய் விழுந்தேன். என் வலது கையில் மூன்று விரல் இப்போது மடங்குவதில்லை. கருமாதியன்று நீ கோடி நீட்டினாயே, நான் இடது கையால்தான் வாங்கினேன். அப்படி வாங்கக்கூடாது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். டிசம்பரிலிருந்து உனக்கு வந்த கடிதமெல்லாம் இடது கை எழுத்து.

மஞ்சள் துணி கம்பியில் தொங்குகிறது, கருக்கிறது என்று எழுதினேன். பொய். அந்தத் துணி அன்றைக்கே அவர் கைக்குள் போய்விட்டது. உடம்பைக் கழுவும்போது விரலைப் பிரிக்கப் பார்த்தோம், பிரியவில்லை. அந்தக் கையோடுதான் புதைத்தோம். நீ கேட்டிருந்தால் ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். எத்தனை கடிதத்தில் உன் வாய் திறக்கும் என்று பார்ப்பதற்காகத்தான் அப்படி எழுதிக்கொண்டிருந்தேன். இது நல்ல அக்காள் செய்கிற காரியம் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நீ முறுக்கச் சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. நீ தெரியாமல் எழுதினாய், நான் தெரியாமல் படித்தேன், அவர் நம்பித் தொட்டார். இதில் பாதி என் தொண்டை. இன்றைக்கும் உச்சிப்பொழுதானால் அந்த வரியை நான் கத்திப் படிப்பது எனக்கே கேட்கிறது. அதற்குப் பிறகு வந்த மூன்று மாசத்துக்குத்தான் உன்மேல் கோபம். அது அவ்வளவு சுலபமாகப் போகாது. நீ அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தைப் படித்தேன். அழுதேன்.

கொட்டாய்க்குள் மோட்டார் ஓடிய விஷயமும் கேட்டுக்கொள். மெயினைப் போட்டது நான். பின்பக்கத் தட்டியைத் தூக்கினால் ஆள் நுழையலாம், உனக்கும் தெரியும். இடது கையால் கயிறு இழுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். எடுத்ததும் இழுப்பு கைக்கு வரவில்லை, அதனால்தான் அத்தனை நேரம் உறுமியது. வந்ததும் ஓடவிட்டுத் தட்டி வழியாக வெளியே வந்துவிட்டேன். மாதப்பன் பயப்படட்டும் என்றுதான் இருந்தேன். பயந்து, மிஷின் கேட்பதை விட்டுவிட்டார். அது இரண்டு தரம்.

மூன்றாவது தரம் நான் இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை, நான் ராயக்கோட்டைச் சந்தையில் இருந்தேன். மெயினை இறக்கிவிட்டுப் போனதாகத்தான் நினைவு. அரை மணி நேரம் ஓடிற்று, தானாக நின்றது என்று சரசம்மாவும் மாதப்பனும் சொல்கிறார்கள். வந்து பார்த்தேன். கயிறு ஆணியில் இல்லை, சக்கரத்துப் பக்கத்தில் கீழே கிடந்தது, உன் மாமா போட்டுவிட்டுப் போகிற இடத்தில். இதற்கு வேறு காரணம் தேட எனக்குத் தெம்பு இல்லை. உன் எலியையே வைத்துக்கொள்கிறேன்.

மிஷினைத் திறந்துவிட்டேன். மெயினை இறக்கி வைத்துவிட்டு, கரண்ட் ஆபீஸ் லைன்காரரைக் கூப்பிட்டு முடிச்சை இறுக்கி மரப்பெட்டிக்குள் போட்டு மூடினேன். காலையில் நானே இடது கையால் இழுக்கிறேன். கல் நேராகச் சுற்றுகிறது, ராகி விழுகிறது. இடக்கை ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

மூன்று கத்தி வைத்த சுவிட்ச் ஒன்று வாங்கிக்கொண்டு வா. இந்தத் தடவை கொட்டாய்க்குள் வந்து உன் கையால் மாட்டு. நான் பக்கத்தில் நிற்கிறேன். வந்ததும் முதலில் மெயினை இறக்கு. மாப்பிள்ளை முழுசாக நிற்கிறவரை எந்தக் கம்பியையும் தொடாதே, அதில் கரண்ட் இருக்கும், செத்துப்போவாய். இதை உனக்கு எழுத எனக்கு ஒரு வரிதான் ஆயிற்று முனிவேலு.

அக்காள்
சென்னம்மாள்